மைக் உதட்டைக் கடிக்கிறதா?

சென்ற இதழில் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொட்டைமாடியில் தலைகீழ் 'வி' ஆன்டெனா கட்டுவது பற்றி எழுதியிருந்தேன். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு ஏறத்தாழ 20 மீட்டர், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம், அவ்வளவுதான் என்று முடித்தேன். 'அவ்வளவுதான்' என்றது தப்பு என்று இந்த மாதத் தபால் காட்டிவிட்டது. கடிதங்களில் முக்கால்வாசி ஒரே நோயைச் சொல்கின்றன. ஒருவருக்கு அது உதட்டில் தெரிகிறது, ஒருவருக்குக் கணினியில், ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில். கேட்டவர்களின் பெயரையும் வானலையில் அவர்களை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். சிலருக்கு இன்னும் அண்டை வீட்டோடு பேச்சுவார்த்தை முடியவில்லை.

ஐயா, நீங்கள் எழுதியபடியே கட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 காட்டுகிறது. பத்து வாட்டில் தொந்தரவு இல்லை. நூறு வாட்டில் பேசினால் மைக் உதட்டில் சுருக்கென்று குத்துகிறது, கணினியின் மவுஸ் உறைந்துவிடுகிறது. எர்த் சரியில்லை என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, தாமிரக் கம்பியை இரண்டாம் மாடி வரை இழுத்தோம். செலவுதான் ஆனது. சொல்லப்போனால் குத்துவது கூடியிருக்கிறது.
— திண்டுக்கல் வாசகர்

குழி வெட்டியது வீண் இல்லை. மின்கசிவுக்கும் இடிக்கும் அந்த எர்த் வேண்டும், கழற்றிவிடாதீர்கள். ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்து இல்லை. ரிக்கிலிருந்து, அதாவது உங்கள் வானொலிப் பெட்டியிலிருந்து, குழி வரை கம்பி எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். பத்து மீட்டருக்கு முன்பின் இருக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 42 மீட்டர், அதில் கால் பங்கு பத்தரை. கால் அலைநீளக் கம்பியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தால், மறுமுனை அந்த அலைவரிசைக்கு எதனோடும் இணைக்காத கம்பியைப் போலவே இருக்கும். மின்கசிவுக்கு அது எர்த். வானலைக்கு அது அந்தரத்தில் தொங்கும் வால். நல்ல எண்ணத்தோடு இன்னொரு ஆன்டெனாவைக் கட்டி, அதன் சூடான முனையை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள்.

இனி, மைக்குக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்ப்போம்.

ரிக்கை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை வெட்டிப் பார்த்தால் இரண்டு உலோகம்தான் தெரியும்: நடுக்கம்பி, அதைச் சுற்றிய பின்னல் உறை. வானலை மின்னோட்டத்துக்கு அங்கே இருப்பது மூன்று. உயர் அலைவரிசை மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே இறங்குவதில்லை, தோலிலேயே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் தாமிரத்தில் அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே பின்னலின் உட்புறம் ஒரு பாதை, வெளிப்புறம் வேறொரு பாதை. நடுக்கம்பியில் மேலே போகும் மின்னோட்டத்துக்கு ஈடாகப் பின்னலின் உட்புறத்தில் எதிர்த்திசையில் அதே அளவு ஓடும். இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்வதால் கேபிளுக்கு வெளியே எதுவும் தெரியாது. அதுவரை எல்லாம் ஒழுங்கு.

கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்தான் ஒழுங்கு குலைகிறது. நடுக்கம்பியின் மின்னோட்டத்துக்கு ஒரே வழி, ஆன்டெனாவின் ஒரு கை. பின்னலின் மின்னோட்டத்துக்கு இரண்டு வழி: ஆன்டெனாவின் மறு கைக்குப் போகலாம், அல்லது பின்னலின் விளிம்பில் திரும்பி வெளிப்புறம் வழியாகக் கீழே இறங்கலாம். பால் பொங்கி விளிம்பைத் தாண்டினால் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வழிகிறதே, அதேதான். எவ்வளவு வழியும் என்பது, கேபிளின் வெளிப்புறம் ரிக் வரைக்கும், ரிக்கிலிருந்து உங்கள் எர்த் கம்பி வரைக்கும் என்ன நீளத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் எர்த் போட்ட பிறகு நிலைமை மாறியது. கெட்டது உங்கள் ராசி. சில நீளங்களில் தானாகவே குறைந்தும்விடும். 'எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே' என்று வானலையில் பெருமை பேசுகிறவர்களில் பலர் அப்படித் தப்பியவர்கள்.

இப்படி வழியும் மின்னோட்டத்துக்குக் காமன் மோட் மின்னோட்டம் என்று பெயர். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அதைப் பார்ப்பதில்லை. கேபிளின் உள்ளே நடப்பதைத்தான் அது அளக்கிறது. 1.3 என்று அது சொன்னது பொய் இல்லை, நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டின் பின்சுவரும் அடுத்த வீட்டுப் பாட்டியின் சுவரும் ஒன்று. என் கேபிள் அந்தச் சுவரை ஒட்டி இறங்கியது. பாட்டியின் மகன் வாங்கிவந்து மாட்டியிருந்த இசை அழைப்புமணி, நான் மோர்ஸ் சாவியைத் தட்டும்போதெல்லாம் பாட ஆரம்பிக்கும். பாட்டி கதவைத் திறப்பார், யாரும் இருக்கமாட்டார்கள். நான்கு நாள் தெருப் பையன்களைத் திட்டினார். ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்கும் மணி அடிக்கவே, நேரே என் வீட்டுக்கு வந்து, 'தம்பி, நீ அந்த டிக்டிக் வேலையைக் கொஞ்சம் நிறுத்து, மணி அடிக்கிறதா என்று பார்ப்போம்' என்றார். நிறுத்தினேன். மணி ஓய்ந்தது. நாற்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்த எனக்குத் தோன்றாத சோதனை அது.

மறுநாள் எர்த்தைத்தான் நானும் மாற்றினேன், உங்களைப் போலவே. ஒரு வாரம் கழித்துத்தான் கேபிளைச் சந்தேகப்பட்டேன்.

அந்தச் சந்தேகத்தைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளலாம். கணினிக் கேபிள்களில் மாட்டுகிற, இரண்டாகத் திறக்கும் ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள கறுப்புப் பீங்கான்) கிளிப் ஒன்று. அதன் ஒரு பாதியில் மெல்லிய எனாமல் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். அதன் இரு முனைக்கும் குறுக்கே 50 ஓம் அளவில் ஒரு மின்தடை, பிறகு ஓஏ79 டயோடு, 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கடைசியில் பழைய டேப்ரெக்கார்டரில் இருந்து கழற்றிய முள் மீட்டர். முள் கடைசிவரை போய் முட்டினால் தொடரில் ஒரு பெரிய மின்தடை. கேபிளை முழுதாகக் கிளிப்புக்குள் விட்டு மூடினால், உள்ளே ஓடும் சமமான, எதிரெதிரான மின்னோட்டங்கள் முள்ளை அசைக்காது. முள் அசைந்தால் அது வெளிப்புறத்து ஆசாமி. சக்தியைக் குறைத்து, ஒருவர் சாவியை அழுத்த மற்றவர் கிளிப்பைக் கேபிள் வழியே நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் முள் ஏறும், ஓரிடத்தில் படுக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறத்தாழ பத்து மீட்டர். கேபிளின் உள்ளே அலை ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில்தான் போகும் என்று படித்திருப்பீர்கள். வெளிப்புறத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெளியே அது கிட்டத்தட்ட முழு வேகத்தில் போகிறது.

மருந்து ஒன்றுதான். பின்னலின் வெளிப்புறப் பாதையில், ஆன்டெனாவோடு சேரும் இடத்திலேயே, பெரிய தடை ஒன்றை வைக்க வேண்டும். அதுதான் சோக். சோக் என்றதும் கடைக்காரர் டியூப்லைட் சோக்கை எடுத்துக் கொடுத்தால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள். கேபிளை ஆன்டெனாவின் கைக்கு இணையாக ஓட்டாமல், முடிந்தவரை செங்குத்தாக இறக்குவதும் அவசியம். ஒரு கையை ஒட்டியே இறங்கினால், மேலே சோக் போட்டாலும் ஆன்டெனாவே காற்றுவழியாகக் கேபிளின் முதுகில் மின்னோட்டத்தை ஏற்றிவிடும். அப்போது கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் தேவைப்படும்.

சோக் செய்ய எந்த ஃபெரைட் வளையம், எத்தனை சுற்று? சென்னை ரிச்சி தெருவில் மஞ்சள் வளையம் ஒன்றும் கறுப்பு வளையம் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர்.
— நாகர்கோவில், பொறியியல் மாணவி

அம்மா, மஞ்சள் வளையத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு பக்கம் வெள்ளை பூசிய அந்த மஞ்சள் வளையம் கணினியின் பவர் சப்ளையில் இருந்து வருவது. அது ஃபெரைட்டே இல்லை, இரும்புத்தூள். நேர்மின்சார வடிகட்டலுக்கு நல்லது, நம் வேலைக்கு உதவாது. அழகாக இருப்பதால் விற்கிறது.

கறுப்பிலும் எல்லாம் ஒன்றில்லை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், குணம் வேறு. சோக்குக்கு ஹாம்கள் அதிகம் தேடுவது 31 என்ற கலவையும் 43 என்ற கலவையும். 31 மாங்கனீஸ்-துத்தநாகம், 43 நிக்கல்-துத்தநாகம். 3.5, 7 போன்ற கீழ் அலைவரிசைகளுக்கு என் ஓட்டு 31க்கு; 14க்கு மேலே 43ம் நன்றாக உழைக்கும். எஃப்டி240 என்று கேட்டால் வெளிவிட்டம் 2.4 அங்குலம், அதாவது 61 மில்லிமீட்டர் உள்ள வளையம் வரும். ஆர்ஜி58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிளைச் சுற்ற அது வசதியான அளவு.

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று: வளையத்தின் துளைக்குள் கேபிள் எத்தனை முறை போகிறதோ அதன் வர்க்கத்தில் எதிர்ப்பு ஏறும். ஒரு முறை போனால் ஒரு பங்கு, நான்கு முறை போனால் பதினாறு பங்கு. கேபிளில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு 'ஃபெரைட் போட்டேன், பயனில்லை' என்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒற்றைக் கிளிப் 7 மெகாஹெர்ட்ஸில் தருவது சில பத்து ஓம். நமக்கு வேண்டியது சில ஆயிரம். வால்டர் மேக்ஸ்வெல் என்ற அமெரிக்க ஹாம் ஐம்பது சின்ன மணிகளைக் கேபிளின்மேல் வரிசையாகக் கோத்து ஒரு பாலன் (கேபிளையும் ஆன்டெனாவின் இரு கைகளையும் சமன்செய்து இணைக்கும் கருவி) செய்தார். டபிள்யூ2டியூ பாலன் என்று அவர் அழைப்புக்குறியாலேயே இன்றும் பெயர். கோப்பதற்கு அத்தனை மணி தேவைப்பட்ட இடத்தில், பெரிய வளையத்தில் சுற்றும் நமக்கு ஒரு வளையமே போதும்.

அதற்காக முப்பது சுற்றுச் சுற்றிவிடாதீர்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இருக்கும் சின்ன மின்தேக்கம், மேல் அலைவரிசைகளில் சோக்கைத் தாண்டிப் போகக் குறுக்குவழி ஆகிவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 31 கலவையில் 12 முதல் 14 சுற்று. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் தொட்டுக்கொள்ளக் கூடாது. வளையத்தில் ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள். ஃபோம் நிரப்பிய கேபிளை இந்த அளவுக்கு வளைத்தால், வெயிலில் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து ஒரு நாள் பின்னலைத் தொட்டுவிடும். கெட்டியான பாலித்தீன் உள்ளதை வாங்குங்கள். கைக்குக் கிடைத்தால் டெஃப்லான் கேபிள் இன்னும் நல்லது.

உங்கள் கறுப்பு வளையங்கள் எந்தக் கலவை என்று தெரிய வேண்டுமா? கல்லூரியில் நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக்கருவி இருக்கும். கேபிளைச் சுற்றி, அதன் பின்னலை மட்டும் ஒரு முனையில் முதல் போர்ட்டின் நடுமுள்ளுக்கும் மறுமுனையில் இரண்டாம் போர்ட்டின் நடுமுள்ளுக்கும் கொடுங்கள். கேபிளின் நடுக்கம்பிக்கு இங்கே வேலை இல்லை. இணைப்புக் கம்பிகள் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு டெசிபெல் குறைகிறது என்று பாருங்கள். ஆயிரம் ஓம் இருந்தால் ஏறத்தாழ 21 டெசிபெல் குறையும், ஐயாயிரம் இருந்தால் 34. போன மாதம் நான் 31 கலவையில் 13 சுற்றுச் சுற்றி அளந்தபோது 7.1இல் 32 வந்தது, கணக்குப் போட்டால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே கையோடு ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் யோக் ஃபெரைட்டிலும் சுற்றினேன். பிக்சர் டியூபின் கழுத்தில் இருக்குமே, புனல் மாதிரி, அதுதான். ஒரு காலத்தில் நம் ஊரில் பாதிப் பாலன்கள் அதில்தான் பிறந்தன. 24 டெசிபெல் கொடுத்தது. ஆயிரத்து ஐந்நூறு ஓம் அளவில். ஓசியில் வந்ததற்கு மோசமில்லை. எல்லா யோக்கும் ஒன்றுபோல் இராது என்பதால் அளக்காமல் நம்பாதீர்கள்.

கணினி வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 பழக்கம் உண்டா? பதினைந்து விநாடியில் பன்னிரண்டரை விநாடிக்கு மேல் முழுச் சக்தியோடு விடாமல் அனுப்பும் முறை அது. ஐந்து நிமிடம் அனுப்பிவிட்டு, ஒலிபரப்பை நிறுத்திய பிறகு, மாடிக்குப் போய் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் தடை போதவில்லை, மின்னோட்டம் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது. சோக் சின்னதாக இருந்தால் சுடும், போதுமான அளவு இருந்தால் சுடாது. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சுற்றுகளைக் குறைத்துவிடுகிறார்கள்.

மீதமான 12 மீட்டர் கேபிளை மாடியில் வட்டமாகச் சுருட்டிக் கட்டிவிட்டேன். அதுவே சோக் ஆகாதா?
— தஞ்சாவூர் வாசகர்

ஆகும், சில நாள்களில். காற்றுச் சுருள் ஒரே ஒரு அலைவரிசைக்கு ஏற்ற நீளத்தில், ஒழுங்காக ஒரு பிவிசி குழாய்மேல் பக்கம்பக்கமாகச் சுற்றினால் நல்ல சோக். நீங்கள் கயிறுபோலச் சுருட்டியதில் முதல் சுற்று பத்தாவது சுற்றின்மேல் உட்கார்ந்திருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபெரைட் சோக் மின்னோட்டத்தைத் தடுப்பதோடு ஒரு பகுதியைச் சூடாக்கித் தின்றுவிடும். காற்றுச் சுருளுக்குத் தின்னத் தெரியாது. கேபிளின் வெளிப்புற நீளம் அதற்கு எதிர்க்குணமாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து, சுருள் இல்லாததைவிட அதிக மின்னோட்டம் ஓடும். கட்டை அவிழ்த்து மீதத்தை வெட்டிவிடுங்கள், ஐயா. கேபிளை வெட்ட மனம் வராது என்பது தெரியும்.

நான் அனுப்புவதைவிடக் கேட்பதுதான் அதிகம். மாலை ஆறு மணிக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸில் ரிக்கின் சிக்னல் மீட்டரில் எஸ்7 அளவுக்கு இரைச்சல். சோக் போட்டால் கேட்பதிலும் பயன் உண்டா, அல்லது அனுப்புகிறவர்களுக்கு மட்டுமா?
— கோயம்புத்தூர் வாசகர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். என்னைக் கேட்டால் சோக்கின் பெரிய பயன் கேட்பதில்தான் இருக்கிறது.

பின்னலின் வெளிப்புறம் இறங்கும் பாதை என்றேன் அல்லவா? அது ஏறும் பாதையும்தான். எல்இடி பல்பின் டிரைவர், கைபேசிச் சார்ஜர், இன்வெர்ட்டர், புதிதாக வந்திருக்கும் பிஎல்டிசி மின்விசிறி, பக்கத்து மாடியின் சூரியமின் இன்வெர்ட்டர் எல்லாம் வீட்டு வயரிங்கில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அது ரிக்கின் பவர் சப்ளை வழியாகக் கேபிளின் வெளிப்புறத்துக்கு வந்து, மாடிக்கு ஏறி, ஊட்டுமுனையில், அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், விளிம்பைத் தாண்டி உட்புறம் நுழைந்து, சிக்னலோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. அறையில் பிறந்த இரைச்சல் மாடிவரை போய்விட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது. ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் கட்டியும் இரைச்சல் குறையவில்லை என்று புலம்புகிறவர்களுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ரிக்கைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் படாரென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். எனக்கு அந்தச் சோதனையை மின்வாரியமே பலமுறை இலவசமாக நடத்திக் கொடுத்திருக்கிறது. மின்வெட்டு இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு அமைதி என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். விசிறி இல்லாமல் வியர்த்துக்கொண்டே இலங்கை நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மெயினை அணைத்தும் குறையவில்லை என்றால் இரைச்சல் தெருவிலிருந்து வருகிறது, அப்போது சோக்கிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் வீட்டில் ஊட்டுமுனையில் ஒன்று, சன்னலருகே ஒன்று என்று இரண்டு சோக் போட்டபோது எஸ்7 எஸ்4 ஆனது. ஓர் எஸ் அலகு ஆறு டெசிபெல் என்று வைத்தால் பதினெட்டு டெசிபெல். அதே அளவு லாபத்தை அனுப்பும் பக்கத்தில் பெற நூறு வாட்டை ஆறாயிரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டும். நம் ஜெனரல் கிரேடு உரிமம் அனுமதிப்பது நானூறு. பவர் ஆம்ப்ளிஃபயருக்குச் சேர்த்து வைத்த பணத்தில் வளையம் வாங்குங்கள்.

அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறேன். பால்கனியிலிருந்து எதிர் மரத்துக்கு 20 மீட்டர் ஒற்றைக் கம்பி, மின்னெதிர்ப்பை மாற்ற 49:1 டிரான்ஸ்ஃபார்மர். 'இந்த ஆன்டெனாவுக்கு எர்த்தும் வேண்டாம், எதிர்க்கம்பியும் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் வாயிலேயே சோக் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுவிடுகிறது. போடாவிட்டால் மடிக்கணினி அணைந்துவிடுகிறது.
— தாம்பரம் வாசகர்

ஒரு கை தட்டினால் ஓசை வராது. நுனியில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்கு மறு கை மிகச் சிறியதாக இருந்தாலும் போதும் என்பது உண்மை. இல்லாமலே முடியும் என்பது விற்பனைப் பேச்சு. நீங்கள் அந்த மறு கையான எதிர்க்கம்பியைக் கொடுக்காததால், அந்த வேலையை உங்கள் கேபிளின் வெளிப்புறம் சம்பளமில்லாமல் பார்த்துவந்தது. சோக்கை வாயிலேயே வைத்ததும் வேலைக்காரர் வெளியே போய்விட்டார், எஸ்.டபிள்யூ.ஆர். கூச்சல் போட்டது.

எதிர்க்கம்பிக்கு அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். 7.1க்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அந்த நீளத்தைக் கேபிளையே செய்ய விடலாம்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சோக்கை வையுங்கள். இல்லையென்றால் இரண்டு மீட்டர் சாதாரண ஒயரை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையில் இணைத்துப் பால்கனிக்கு வெளியே தொங்கவிட்டு, சோக்கை வாயிலேயே வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். கேபிளில் இரண்டு மீட்டர் 'சூடாக' இருக்கும் என்று தெரிந்தும், அதைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஓடவிட எனக்கு மனமில்லை. மரத்தில் கட்டும் நுனியில் உயர் மின்னழுத்தம் இருக்கும், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

என்னிடம் கடையில் வாங்கிய 4:1 பாலன் இருக்கிறது, நடுவிலிருந்து தள்ளி ஊட்டும் கம்பிக்குப் போட்டிருக்கிறேன். பாலன் இருக்கும்போது தனியாகச் சோக் எதற்கு, அண்ணா?
— யாழ்ப்பாணம் வாசகர்

பாலன் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன, தம்பி. ஒன்று இரு முனைக்கும் சமமான மின்னழுத்தத்தைக் கொடுப்பது. இன்னொன்று இரு முனைக்கும் சமமான மின்னோட்டத்தைக் கட்டாயப்படுத்துவது. இரண்டாவதைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் குஸ்தாவ் குவனெல்லா 1944இலேயே வெளியிட்டுவிட்டார். ஆன்டெனாவின் இரு கைகளும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் இரண்டு வகையும் ஒரே பலனைத் தரும். உங்கள் ஆன்டெனா மூன்றில் ஒரு பங்கில் ஊட்டப்படுவது. ஒரு கை நீளம், மறு கை குட்டை. சமமில்லாத கைகளுக்குச் சமமான மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் சமமாக இராது, மிச்சம் கேபிளின் முதுகில்தான் இறங்கும். கடைகளில் கிடைக்கும் 4:1 பெரும்பாலும் முதல் வகை. அதைக் கழற்ற வேண்டியதில்லை, மின்னெதிர்ப்பை மாற்றும் வேலையை அது செய்துகொண்டு போகட்டும். அதன் கீழே ரிக் பக்கமாக 1:1 சோக் ஒன்றை வையுங்கள்.

சோக் போட்டேன், மைக் கடிப்பது நின்றது. ஆனால் பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரில் இன்னும் என் குரல் வருகிறது என்கிறார் அந்த வீட்டம்மா. சரிசெய்துவிட்டேன் என்றால் நம்ப மறுக்கிறார்கள். என்ன செய்ய?
— முதலில் எழுதிய அதே திண்டுக்கல் வாசகர், இரண்டாவது கடிதம்

அந்த அம்மா சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். எஸ்எஸ்பி (நாம் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) குரல் ஒலிபெருக்கியில் தெளிவாக வராது, தகர டப்பாவுக்குள் மாட்டிய வாத்தின் குரல்போல வரும். அப்படித்தான் வருகிறதா என்று கேளுங்கள்.

உங்கள் கேபிள் இப்போது சும்மா இருக்கிறது. ஆனால் ஆன்டெனா அதன் வேலையைச் செய்கிறது, அவர்கள் வீட்டில் ஐந்தாறு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் விரித்துக் கிடக்கிறது. அந்த ஒயர் இப்போது உங்கள் சிக்னலை நேராகவே பிடிக்கிறது. அங்கேயும் மருந்து அதேதான். ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்று. கிளிப்பை ஒன்று மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். முன்பே சொன்ன காரணம்தான்.

உரிமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வளையங்களை எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் செலவில். நேரம் குறித்துக்கொண்டு, நீங்கள் ஐந்து நிமிடம் அனுப்ப, அவர்கள் கேட்கட்டும். ஒரு வளையம் மாட்டியதும் மறுபடி. எந்த ஒயர் குற்றவாளி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாளையங்கோட்டைப் பாட்டியின் மணிக்கும் நான் கடைசியில் இப்படித்தான் செய்தேன். மணியின் ஒயரை நான் வளையத்தில் சுற்ற, பாட்டி பக்கத்தில் நின்று எண்ணினார். பத்தாவது சுற்றில் ஒயர் தீர்ந்துவிட்டது. போதுமா என்று கேட்டார். சாவியைத் தட்டிப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை. அடுத்த நாள் மாலை நான் மணியை அழுத்தியபோது, பாட்டி கதவைத் திறக்கவேயில்லை. நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாராம்.